அழாத குறை

ஆங்கில வகுப்பில் ஒரு பத்தியைத் தமிழாக்கியபோது, ‘ஆன் தி வெர்ஜ் ஆஃப் டியர்ஸ்’ என்பதைக் ‘கண்ணீரின் விளிம்பில் நின்றாள்’ என்று எழுதினேன். “உன் வீட்டில் யாரேனும் இப்படிப் பேசுவார்களா?” என்று விரிவுரையாளர் கேட்டார். வகுப்பு சிரித்தது.

பிறகு அகராதியைப் புரட்டினேன். ‘வெர்ஜ்’, கோல் எனப் பொருள்படும் ‘விர்கா’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. முற்கால இங்கிலாந்தில் மன்னரின் அவையைச் சுற்றி 12 மைல் வரை அரண்மனை அதிகாரியின் கோல் செல்லும். அவ்வெல்லைக்கு ‘வெர்ஜ்’ என்றே பெயர். (நம் செங்கோல் நினைவுக்கு வருகிறதல்லவா?) எல்லை ஓரமாயிற்று, ஓரம், ஒன்று நிகழவிருக்கும் தறுவாயாயிற்று.

மாணவர்களாகிய நாம் தவறுவது அடுத்து வரும் சொல்லில்தான். ‘ஆன் தி வெர்ஜ் டு க்ரை’ என்பது பிழை. ‘ஆஃப் க்ரையிங்’ என்பதே சரி. ஆறு மணி ரயில் புறப்படுவதற்கெல்லாம் இத்தொடர் வேண்டாம். ‘அபௌட் டு’ போதும். ‘பிரிங்க்’ பெரும்பாலும் கேட்டையே குறிக்கும். ‘வெர்ஜ்’ வெற்றிக்கும் வரும்.

தமிழில் எப்படிச் சொல்வது? சென்ற ஆண்டு என் விடுதிக் கட்டணத்துக்காகக் கடன் கேட்கப் போய், வெறுங்கையுடன் திரும்பிய அம்மா, “அவங்க வாசல்ல அழாத குறையா நின்னேன்டா” என்றாள். ஆங்கிலம் எவ்வளவு நெருங்கிவிட்டது என்று பார்க்கிறது. அம்மாவின் தமிழ் இன்னும் எது பாக்கி என்று பார்க்கிறது. விளிம்பை அடித்துவிட்டு, ‘அழாத குறையாக நின்றாள்’ என்று திருத்தி எழுதிக் கொடுத்தேன்.