தலை ஏன் சுற்றுகிறது?

வளைந்து வளைந்து வேகமாக ஓடிய வண்டி நின்றுவிட்டது. இறங்கி நிற்கிறோம். ஆனால் தெருவும் வீடுகளும் நிற்கவில்லை. நம்மைச் சுற்றி ஓடுகின்றன. பனிமய மாதா கோயில் திருவிழாவில் ராட்டினம் ஏறி இறங்கிய தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பலர் இதை 'மயக்கம்' என்கிறார்கள். மயக்கம் வேறு, மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து, கண் இருண்டு விழுவது அது. நாம் இங்கே பேசும் தலைச்சுற்றல் காதில் பிறப்பது.

மாணவர்களே, ஒரு சோதனை செய்து பாருங்கள். கொட்டாங்கச்சி ஒன்றை மூன்று நூல்களில் கட்டித் தொங்கவிடுங்கள். பாதி நீர் ஊற்றி, மேலே சிறிது மஞ்சள் தூள் தூவுங்கள். நூலை முறுக்கி விட்டால் கொட்டாங்கச்சி சுழலும். தூள் முதலில் அசையாமல் நிற்கும். சற்று நேரத்தில் நீரும் சேர்ந்து சுழலத் தொடங்கும். இப்போது கொட்டாங்கச்சியைக் கையால் பிடித்து நிறுத்துங்கள். நீர் நிற்கிறதா? இல்லை!

நம் உட்செவியிலும் இதே கதைதான். ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள், ஏறத்தாழ ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்துள்ளன. உள்ளே திரவம், அதன் வழியில் கூழ்போன்ற ஒரு சிறு தடுப்பு. தலை திரும்பும்போது திரவம் பின்தங்கித் தடுப்பை வளைக்கிறது. தடுப்பினுள் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழைகள் அதை உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. நீண்ட நேரம் சுழன்று திடீரென நின்றால் திரவம் தொடர்ந்து ஓடித் தடுப்பை எதிர்ப்பக்கம் வளைக்கிறது. 'எதிர்த்திசையில் சுழல்கிறோம்' என்கிறது காது. 'நிற்கிறோம்' என்கின்றன கால்கள். யாரை நம்புவது என்று மூளை திகைக்கிறது.

குழல்கள் சுழற்சியை மட்டுமே அறியும். மேல் கீழ் எது, வண்டி முன்னே பாய்கிறதா என்று அறிய, காதில் மிக நுண்ணிய செவிக்கற்கள் இருக்கின்றன. அவை கால்சியம் கார்பனேட். முத்தும் பெரும்பாலும் அதே பொருள்தான்! படிக அமைப்புதான் வேறு.

திருச்செந்தூர்ச் சாலையில் பேருந்தை வளைத்து ஓட்டும் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் தலை சுற்றுவதில்லை. பின்னால் அமர்ந்து புத்தகம் படிப்பவருக்குக் குமட்டுகிறது. ஓட்டுநரின் மூளைக்கு அடுத்த வளைவு முன்கூட்டியே தெரியும். படிப்பவரின் கண்ணோ, 'எதுவும் அசையவில்லை' என்று காதுடன் சண்டையிடுகிறது. தோணியில் பல நாள் இருந்தவருக்குக் கரையேறிய பின் தரையே ஆடுவதுபோல் இருக்கும். அலைக்குப் பழகிய மூளை, தரைக்கு மறுபடி பழகவேண்டும். பொதுவாக ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

கரையில் இது வெறும் தொல்லை. கடலுக்கடியில் உயிருக்கே ஆபத்து. தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சங்கு குளிப்பது இன்றும் தொடர்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் இரு மடங்கு. குளிப்பவர் மேலே வரும்போது நடுச்செவியில் இருக்கும் காற்று விரிந்து, தொண்டைக்குச் செல்லும் குழல் வழியே வெளியேறவேண்டும். சளியால் ஒரு பக்கம் அடைத்திருந்தால், இரு காதுகளிலும் அழுத்தம் வேறுபடும், கடலே சுழலும். சுவீடனைச் சேர்ந்த லுண்ட்கிரென் 1965-இல் இந்தத் தலைச்சுற்றலை விவரித்தார்.

செவிப்பறை கிழிந்தால் இன்னும் மோசம். குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து, ஒரு காதின் குழலை மட்டும் குளிர்விக்கும். உள்ளிருக்கும் திரவம், அடுப்பில் வைத்த நீர் சூட்டால் புரள்வதுபோல, தானே ஓடத் தொடங்கும். தலை அசையாமலே தலை சுற்றும்! காதில் நீர் ஊற்றி இதை ஆராய்ந்த ராபர்ட் பாரானிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

இருண்ட நீரில் தலை சுற்றினால் மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. அப்போது காதை நம்பக்கூடாது. கயிற்றைப் பற்றிக்கொள்ளவேண்டும், வாயிலிருந்து வரும் குமிழிகள் போகும் பக்கமே மேல். பெரும்பாலும் சில நிமிடங்களில் சுற்றல் அடங்கிவிடும். சளி பிடித்திருக்கும் நாளில் குளிக்க இறங்காமலிருப்பதே நல்லது.

வண்டியில் செல்வோர் முன் இருக்கையில் அமர்ந்து, தலையைச் சாய்த்து, தொலைவில் அடிவானத்தைப் பார்க்கட்டும். இறங்கியதும் தலை சுற்றினால் உட்கார்ந்து, அசையாத ஒரு பொருளில் கண்ணை நிறுத்துங்கள். வண்டி ஓட்டியவரும் சுற்றல் முழுவதும் நின்றபின்தான் மறுபடி ஓட்டவேண்டும். வண்டியே ஏறாத நாளிலும் தலை சுற்றினாலோ, அதனுடன் காது மந்தமானாலோ, பேச்சு குழறினாலோ, நடை தடுமாறினாலோ, உடனே மருத்துவரிடம் போகவேண்டும். அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.