குரங்கணி – டாப் ஸ்டேஷன்: பொதிப் பாதையில் ஏறப் போகிறவர்களுக்கு

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி போய், அங்கிருந்து நடந்தே மூணாறு மலைக்கு ஏறும் வழி இது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடி சேர்ந்தது. 1924 வெள்ளம் ரயிலைக் கொண்டுபோய்விட்டது. கழுதைகள் பொதி சுமந்து ஏறிய காலடிப் பாதை மட்டும் மிச்சம். கிளம்பும் முன் வீட்டிலும், ஏறும்போது வழியிலும் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் அனுமதி. இது காப்புக்காடு. தமிழக அரசு 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் குரங்கணி – சாம்பலாறு பாதைக்குப் பதிவு செய்யலாம். டாப் ஸ்டேஷன் வரை போக வேண்டுமானால், போடி வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே பையைக் கட்டுங்கள். ‘எல்லாம் பேசியாச்சு, வாங்க’ என்று அழைக்கும் குழுவிடம் அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

2. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம். இந்த மாதங்களில் போக வேண்டாம். ஐப்பசி அடைமழையிலும் வேண்டாம். மார்கழி, தை சரியான நேரம்.

3. புது ஷூவை மலையில் முதன்முதலாகப் போடாதீர்கள். இரண்டு வாரமாவது கடைக்கும் கோயிலுக்கும் போட்டு நடந்து பழக்குங்கள். கால் நகங்களை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிப்பதில்தான் நகம் கறுக்கும். விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவி சாக்ஸ் போட்டால் கொப்புளம் குறையும்.

4. கழுதைக்காரர் பொதி ஏற்றுவதைப் பார்த்தால் பை கட்டத் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் சம எடை, கனமானது முதுகை ஒட்டி, ஆடுவது எதுவும் வெளியே தொங்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் இரண்டையும் ஒரே பக்கம் செருகினால் சாயங்காலம் தோள்பட்டை சொல்லும்.

5. சாப்பாடு: நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை இரவு வரை தாங்கும். பொடி தடவிய இட்லியும் அப்படியே. தயிர்சாதம் வேண்டுமென்றால், குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துக் கட்டுங்கள். மதியத்தில் புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும். வாழையிலையை அடுப்பில் லேசாக வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம். வழியில் கொறிக்கக் கடலை மிட்டாயை மிஞ்சியது எதுவும் இல்லை. எனர்ஜி பாரைவிட மலிவு. சிப்ஸ் தாகத்தைத்தான் கிளப்பும்.

6. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தாலும் மேலே எது குடித்தது, எது குளித்தது என்று தெரியாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கூடவே இருக்கட்டும்.

7. பாதை ஏன் இப்படிச் சுற்றிச் சுற்றிப் போகிறது என்று எரிச்சல் வரும். சுமையோடு செங்குத்தாக ஏறும் கழுதை இல்லை. அதன் மூச்சுக்கு ஏற்ற சரிவில்தான் பொதிப் பாதைகளை வளைத்து வளைத்துப் போட்டார்கள். குறுக்கே இறங்கும் வழியில் போனால் நம் முட்டிக்கும் கேடு, பாதைக்கும் கேடு. அடுத்த மழையில் அந்தக் குறுக்குவழி ஓடையாகி, கீழே இருக்கும் வளைவை அரித்துக்கொண்டு போகும். வளைவு முழுவதையும் நடந்தே போங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பேன் என்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

8. ஜீப் ஏறாத மலையூர்களுக்குச் சரக்கு இன்னும் கழுதை, குதிரை முதுகில்தான் போகிறது. மணிச்சத்தம் கேட்டால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால், மூட்டை இடித்தால் நீங்கள்தான் விழுவீர்கள். பின்னால் போய் நிற்காதீர்கள். செல்ஃபியும் வேண்டாம்.

9. மழைக்குப் பிறகு அட்டை நிச்சயம். புகையிலையை ஊற வைத்த தண்ணீரில் சாக்ஸை நனைத்துக் காயப்போட்டு அணிவது பழைய வழி. இன்றும் பலிக்கிறது. கடித்த அட்டையை இழுக்காதீர்கள். உப்பு, தீக்குச்சி வைத்தியமும் வேண்டாம். அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அதை ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் நெம்பினால் பிடி விடும். அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது. அதனால் கொஞ்ச நேரம் ஒழுகத்தான் செய்யும். துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும்.

10. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். மலையேறும் எவரும் தீயின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், அதனால் அதற்கு மேலே ஓடித் தப்ப முடியாது. காய்ந்த புல் நிறைந்த குறுகிய பள்ளம் புகைபோக்கி மாதிரி. அங்கே ஒளியவே கூடாது. பாறைவெளி, ஓடை, ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம் இவைதான் புகலிடம். நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும். மேல்சட்டை பருத்தியில் இருக்கட்டும். அடுப்பு, பீடி, சூடம் எதுவும் காட்டுக்குள் பற்ற வைக்கக் கூடாது.

11. நடுவழியில் சிக்னல் கிடைக்காது. தேடித் தேடியே பேட்டரி தீரும். ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள்.

12. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். யானையும் காட்டுமாடும் எந்தத் திருப்பத்தில் நிற்கும் என்பது வரைபடத்தில் இருக்காது.

13. மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாறுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து போடிமெட்டு வழியாகத்தான் போடிக்கு இறங்க வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். மாலையில் குளிர் சட்டென்று இறங்கும். ஸ்வெட்டரும் மாற்றுச் சட்டையும் பையின் மேல்பக்கம் இருக்கட்டும். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். வெயிலில் காயப்போட்டால் பசை விட்டு அடிப்பாகம் பிளந்துகொள்ளும்.