வளரிளம் பருவத்தினரின் போதைப் பழக்கம்: எண்ணிக்கை மட்டும் போதுமா?

"இது வெறும் பழக்கமா, நோயா?" என்று நெய்வேலி நகரியத்துப் பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு 11 அறிகுறிகளைக் கூறுகிறது. ஓராண்டுக்குள் இரண்டேனும் தோன்றி வாழ்வைப் பாதித்தால் அது நோய். ஆறு அல்லது அதற்கு மேல் எனில் கடுமையானது.

நல்ல அளவுகோல் நோயுற்றோரைத் தவறவிடாது. நோயற்றோருக்கு முத்திரை குத்தாது. வளரிளம் பருவத்தில் இவ்விரண்டுமே கடினம். முன்பு குடித்த அளவு போதாமற்போவது, புதிதாகக் குடிக்கத் தொடங்கியவரிடம் உடல் பழகுவதாகவும் இருக்கலாம். குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கமோ பல்லாண்டு குடித்தோரிடமே பெரிதும் காணப்படும். அஃது இல்லை என்பதால் சிக்கலே இல்லை என்றாகாது. 2019-இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறாரிடம் மிகுந்திருந்தவை பசை போன்ற முகரும் பொருள்களே. அவற்றுக்கு, நிறுத்தும்போது வரும் உபாதையைக் கையேடே கணக்கில் கொள்வதில்லை.

ஆகவே பள்ளி வருகை, உறக்கம், நட்பு, செலவு ஆகியவற்றின் மாற்றத்தையும் கேட்கிறோம். கண்டவற்றைத் தேதியுடன் குறித்து வாருங்கள். பிள்ளையுடன் நாங்கள் தனியே பேச இடங்கொடுங்கள். ஓர் அறிகுறிதானே என்று காத்திராதீர்கள். நோய்ப்பெயர் சூட்டாமலே உதவியைத் தொடங்கலாம். டெலி மானஸ் உதவி எண்: 14416.