அரக்கோணத்திலிருந்து பறவை பார்க்கப் போகிறீர்களா?

1. இடத்தை முடிவு செய்துவிட்டு வழிகாட்டியைத் தேடுங்கள். தாய்ப்பறவை குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமா? வேடந்தாங்கல். பூநாரைக் கூட்டம் வேண்டுமா? பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கம். கூழைக்கடா கூடு கட்டும் நேலப்பட்டும் அதற்குப் பக்கம்தான். வேடந்தாங்கலையும் பழவேற்காட்டையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். பொழுது வேனிலேயே போய்விடும்.

2. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் காலண்டரைவிட மழையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய வருடம் வேடந்தாங்கல் மரங்களடியில் தண்ணீர் நிற்காது, கூடுகளும் குறைந்துவிடும். முன்பணம் கொடுக்குமுன் "ஏரியில் தண்ணீர் எப்படி?" என்று கேளுங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை அலகால் சலித்துத் தின்னும். அதற்கு ஆழமில்லாத தண்ணீர்தான் தோது.

3. காணும் பொங்கலன்று வேடந்தாங்கல் வேண்டாம். பழவேற்காடு ஏரிக்குப் பக்கத்து ஊரான சூலூர்பேட்டையில் பெரும்பாலும் ஜனவரியில் பிளமிங்கோ (பூநாரை) திருவிழா நடக்கும். மேடையும் பாட்டும் பிடிக்கும் என்றால் போகலாம், பறவைக்காக என்றால் வேறு நாள் பாருங்கள். டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித்திருவிழா. அந்த வழியாக வண்டி எடுக்காதீர்கள்.

4. வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை: ஒரு குழுவில் எத்தனை பேர்? எட்டுக்கு மேல் என்றால் பின்னால் நிற்பவருக்கு முதுகுதான் தெரியும். முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி அவரிடம் இருக்கிறதா? போன வருடம் இதே மாதம் என்னென்ன பார்த்தார்? படம் எடுக்க வசதியாகப் பூநாரைகளைப் பறக்கவிட்டுக் காட்டுவேன் என்று பெருமையடித்தால், கும்பிடு போட்டுவிடுங்கள். மேய்கிற பறவையை விரட்டுகிறவர் வழிகாட்டியே அல்ல.

5. சூலூர்பேட்டைக்கு ரயிலில் போகிறவர்கள் சென்ட்ரல் வரை போக வேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜில் மாறிக்கொள்ளலாம். வேடந்தாங்கலுக்குக் காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து பஸ்ஸோ காரோ.

6. பைனாகுலர் 8x42 போதும். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் பெரிதாகும். வலக் கண்ணை மூடி, இடக் கண்ணால் பார்த்தபடி நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடக் கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணாடி போடுபவர்கள் ரப்பர் மூடியை மடக்கிவிட வேண்டும். மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தென்னையில் உட்காரும் காக்கையைப் பார்த்துப் பழகலாம்.

7. பயணத்துக்கு முந்தின வாரம் மகேந்திரவாடி ஏரிக்கோ காவேரிப்பாக்கம் ஏரிக்கோ விடியற்காலையில் ஒரு நடை போய் வாருங்கள். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி இவை பழகியிருந்தால் பயணத்தன்று புதிது எது என்று சட்டென்று தெரியும்.

8. மா. கிருஷ்ணனின் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வேடந்தாங்கலில் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்களே பறவைகளைக் காத்தார்கள். வேட்டையைத் தடுக்கும் அவர்கள் உரிமைக்கு 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் எழுத்து கொடுத்தார்.

9. பளீரென்ற சிவப்பு, வெள்ளை உடை வேண்டாம். தொப்பி, புளிசாதம், தண்ணீர் போதும். வழியில் கழிப்பறை எங்கே என்று கூச்சப்படாமல் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்கரைப் பாதையில் பெண்களுக்கு அதுதான் பெரிய பாடு.