கொக்கைன்: உயிருக்கு உலை, மீள வழி உண்டு

"ஒரு தடவைதானே" என்று தொடங்குகிற பழக்கம் இது. வீட்டில் யாராவது சிக்கியிருந்தால், இவற்றை மனதில் வையுங்கள்.

* இதயம்: இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் எகிறும். 25 வயதுக்காரருக்கும் மாரடைப்பு வரலாம்.

* மூக்கு: உறிஞ்ச உறிஞ்ச நடுச்சுவர் அரித்து ஓட்டை விழும். அடிக்கடி ரத்தம் வடிவதும் வாசனை தெரியாமல் போவதும் எச்சரிக்கை மணி.

* மதுவுடன்: கல்லீரலில் கோக்காஎத்திலீன் என்ற நச்சுப்பொருள் உருவாகி, இதயத்தை நீண்ட நேரம் வாட்டும்.

* அவசரம்: நெஞ்சுவலி, வலிப்பு, மூச்சுத்திணறல், உடம்பு அனலாகக் கொதிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108. கொக்கைன் எடுத்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கொடுக்கும் மருந்தே மாறக்கூடும்.

* நிறுத்தியதும்: அசதி, எரிச்சல், கடும் மனச்சோர்வு வரும். தற்கொலை எண்ணமும் எழலாம், தனியே விடாதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.

* சிகிச்சை: இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இல்லை. மனநல ஆலோசனையும் தொடர் கண்காணிப்புமே கைகொடுக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்பு இலவச உதவி எண் 14446.

மீண்டும் ஒருமுறை சறுக்கினாலும் சிகிச்சையை விடாதீர்கள். திட்டுவதை நிறுத்திவிட்டு, இன்றே கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.