வாளிக் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அருப்புக்கோட்டையில் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டாய், சந்தோஷம். திருச்சுழிப் பக்கம் ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு ஹீட்டர் மாட்டப் போகிறேன், 15 லிட்டரா 25 லிட்டரா என்று கேட்டிருந்தாய். கடைக்காரரைக் கேட்டால் யோசிக்காமல் 25 என்பார். நீ ஆள் கணக்கை விடு. விடிகாலையில் யார் யார், எந்த வரிசையில், எத்தனை வாளி வெந்நீர் ஊற்றிக்கொள்கிறார்கள் என்று கேள்.

சித்திரையில் நம் ஊரில் சின்டெக்ஸ் தண்ணீரே கையைச் சுடும். வெந்நீர் தேடுவதெல்லாம் மார்கழி, தையில். மற்ற மாதங்களில் வயசானவர்களும் கைப்பிள்ளைகளும்தான். தை மாசக் காலையில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள். 15 லிட்டரை 60 டிகிரிக்குக் காய்ச்சி, 20 லிட்டர் பச்சைத் தண்ணீர் விளாவினால் 40 டிகிரியில் 35 லிட்டர் ஆகிவிடும். கிட்டத்தட்ட இரண்டு வாளி. 2 கிலோவாட் காயில் இதை 18 நிமிஷத்தில் முடிக்கும், செலவு 0.6 யூனிட். இரண்டு பேர் குளித்து, அடுத்தவர் துண்டைத் தேடி எடுத்து வருவதற்குள் மறுபடி காய்ந்திருக்கும். ஐந்து பேருக்கும் அதுவே போதும்.

25 லிட்டர் என்றால் அரை மணி நேரம், ஒரு யூனிட். பாட்டி ஒருத்திக்காகப் போட்டாலும் முழுத் தொட்டியும் காய்ந்தாக வேண்டும், மிச்சம் வீணே ஆறும். தினம் ஒரு தரம் காய்ச்சினால் இரண்டு மாதத்துக்கு 15 லிட்டருக்கு 37 யூனிட், 25-க்கு 61. 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஷவர் வைத்திருக்கிறார்கள், இரண்டு குளியலறைக்கும் ஒரே ஹீட்டர் என்றால் மட்டும் 25 போடு. 3 லிட்டர் இன்ஸ்டன்ட் சமையலறைக்குச் சரி. குளிக்க வேண்டுமானால் நிமிஷத்துக்கு மூன்று லிட்டர்கூடத் தேறாது; அதற்கே 13 ஆம்பியர் இழுக்கும், பழைய வயரிங் தாங்காது.

நம் பக்கம் நிறைய வீடுகளில் போர் தண்ணீர், அதுவும் உப்பு. இரண்டு வருஷம் ஓடிய ஹீட்டரைக் கழற்றிப் பார், காயில் மேல் வெள்ளைக் காரை ஏறியிருக்கும். தட்டினால் செதில் செதிலாக உதிரும். பக்கத்தில் இருக்கும் மக்னீசியக் கம்பி பாதிக்கு மேல் கரைந்திருக்கும். அது கரைவதற்காகவே வைத்தது, தொட்டிக்கு வரும் அரிப்பை அது வாங்கிக்கொள்வதால்தான் தொட்டி துருப்பிடிக்காமல் நிற்கிறது. காரை ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாது, காயில்தான் வேகும். வீட்டுக்காரர், "பத்தலை தம்பி, பெரிசா மாட்டு" என்பார். உடனே பெரிசை விற்றுவிடாதே. முதலில் கழற்றிச் சுத்தம் செய். அந்தக் கூலி குறைவுதான், ஆனால் அடுத்த தெருவிலிருந்தும் உன்னைக் கூப்பிடுவார்கள்.

சோலாரும் கேட்பார்கள். பக்கத்துக் கமுதியிலேயே 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்ட பிறகு கேட்காமல் இருப்பார்களா? 100 லிட்டரே தாராளம். உப்புத் தண்ணீருக்குச் செப்புக் குழாய்ப் பலகையைவிடக் கண்ணாடிக் குழாய் வகை நல்லது, அடைப்பைச் சுத்தம் செய்வது சுலபம். ஆனால் குடத்தை வரிசையில் வைக்கும் தெருவில் 100 லிட்டரை மாடியில் நிறுத்துவது வீட்டுக்காரர் பாடு, அதையும் சொல்லிவிடு.

கிராமத்து வீடுகளில் பழைய செப்பு பாய்லர் இருந்தால் கேலி செய்யாதே. பருத்திமாரும் சீமைக்கருவேல விறகும் வாசலிலேயே கிடக்கும்போது அதை ஜெயிக்க எந்த ஹீட்டராலும் முடியாது. காலியாக எரிக்கக் கூடாது, ஈயப்பற்று விட்டுப்போகும், அவ்வளவுதான்.

அந்தத் திருச்சுழி வீட்டில் எர்த் பார்த்தாயா? கோடையில் கரிசல் மண் வெடித்து விலகும்போது எர்த் கம்பி பேருக்குத்தான் நிற்கும். குழியில் கரியும் உப்பும் போட்டு, மாதம் இரண்டு தரமாவது தண்ணீர் ஊற்றச் சொல். கூடவே மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. அதற்குப் பணம் இடிக்கிறது என்றால் ஹீட்டரை அடுத்த மாதம் மாட்டலாம் என்று சொல்லிவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அண்ணன்