வீட்டுக் கணிப்பொறியும் விரலளவுச் சில்லும்



கணிப்பொறி என்றதும் படம் பார்ப்பதும் பாடக் குறிப்பு அச்சிடுவதும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதே கணிப்பொறியைக் கொண்டு ஒரு சிறு சில்லுக்கு நாமே வேலை கற்பிக்கலாம். அதற்குப் பெருஞ்செலவும் வேண்டாம், பட்டப்படிப்பும் வேண்டாம்.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது யாது?

கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் முனைகள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அடங்கியதே மைக்ரோகண்ட்ரோலர். துணி துவைக்கும் எந்திரத்திலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் இது ஒளிந்திருக்கிறது. 1980-ல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8051 என்னும் சில்லு இவ்வகையில் புகழ்பெற்றது. 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மாணவர்க்கும் எளிதாக இருக்கவேண்டும் என்று அர்டுயினோ பலகை உருவாயிற்று. நம் சென்னை ஐ.ஐ.டி.யினர் 'சக்தி' என்னும் செயலியை வடிவமைத்தனர். அவ்வகையில் 2020-ல் வெளிவந்த சில்லின் பெயர் 'மௌஷிக்'.

தொடங்குவோர்க்கு ஏற்றது அர்டுயினோ ஊனோ. அதில் நிரலுக்கு 32 கிலோபைட் இடமே உண்டு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும். ஆயினும் ஒரு வேலையைத் திறம்படச் செய்ய இதுவே போதும்.

கணிப்பொறியை ஆயத்தம் செய்தல்

1. அர்டுயினோ ஐ.டி.இ. என்னும் இலவச மென்பொருளை நிறுவுக. கணிப்பொறி பழையதாயின் 1.8 பதிப்பு பொருந்தும்.

2. பலகையை யு.எஸ்.பி. கம்பியால் இணைக்க. சில கம்பிகள் மின்னூட்டம் மட்டுமே தரும், செய்தி கடத்தா. பலகையில் விளக்கு எரிந்தும் கணிப்பொறி அதனை அறியாவிடில், முதலில் கம்பியை மாற்றிப் பார்க்க.

3. விலை மலிந்த பலகைகள் சிலவற்றில் சி.எச்.340 என்னும் சில்லு இருக்கும். கணிப்பொறி அதனை அறியாவிடில், அதற்குரிய 'டிரைவர்' மென்பொருளையும் நிறுவுக.

4. 'டூல்ஸ்' பட்டியலில் பலகையின் பெயரையும் 'போர்ட்' எண்ணையும் தேர்க.

5. உதாரணங்களுள் 'பிளிங்க்' என்பதைத் திறந்து 'அப்லோட்' பொத்தானை அழுத்துக. பலகையிலுள்ள சிறு விளக்கு ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணையும். நிரலில் 1000 என்றிருப்பதை 200 ஆக்கி மீண்டும் ஏற்றினால் விரைந்து சிமிட்டும். 1000 என்பது மில்லிநொடிக் கணக்கு.

பிழைச் செய்தி சிவப்பெழுத்தில் தோன்றினால் அஞ்சற்க. முதல் வரியைப் பொறுமையாகப் படித்தால், விடுபட்டது ஓர் அரைப்புள்ளியே என்பது பலமுறை தெரியவரும்.

ஓமின் விதி இங்கே

வெளியே எல்.இ.டி. ஒன்றை இணைக்கும்போது மின்தடை அவசியம். பலகை தருவது 5 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. கொள்வது ஏறத்தாழ 2 வோல்ட். மீதி 3 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால் சுமார் 14 மில்லிஆம்பியர். இது விளக்கிற்கும் சில்லிற்கும் தீங்கற்ற அளவு. வகுப்பில் மனப்பாடம் செய்த விதி இங்கே கண்ணெதிரே ஒளிர்கிறது!

வீட்டிற்குப் பயன்படும் ஒரு கருவி

கரிசல் மண்ணில் வாழும் நமக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாரை நிறுத்த மறந்து மாடித் தொட்டி வழிந்தால் நீரும் வீண், மின்சாரமும் வீண். மிதவைச் சுவிட்சின் ஒரு கம்பியை 2-ஆம் முனையிலும் மற்றொன்றை 'கிரவுண்ட்' முனையிலும் சேர்க்க. 8-ஆம் முனைக்கும் 'கிரவுண்ட்' முனைக்கும் இடையே சிறு பியஸோ பஸ்ஸரை வைக்க. 2-ஆம் முனையின் உள்ளமைந்த 'புல்-அப்' மின்தடையை நிரலில் இயக்கினால், சுவிட்ச் திறந்திருக்கையில் 'ஹை' என்றும் மூடியதும் 'லோ' என்றும் அம்முனை காட்டும். 'லோ' ஆனால் பஸ்ஸர் ஒலிக்கட்டும் என்று எழுதுவதே நிரல். நீர் நிரம்பும்போது மூடும்படி சுவிட்சைப் பொருத்துக.

எச்சரிக்கை: பஸ்ஸர் ஒலித்ததும் மோட்டாரை நம் கையாலேயே நிறுத்துவோம். வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தோடு இப்பலகையை ஒருபோதும் இணைக்கலாகாது. அது உயிருக்கே ஆபத்து.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை: இவ்வேலை மகனுக்குரியது, மகளுக்கன்று எனத் தள்ளிவிடாதீர்கள். வீட்டுக் கணிப்பொறியில் நாளும் அரைமணி நேரம் அவளுக்கு ஒதுக்குங்கள்.

மாணவியரே, பிறர் செய்த கருவியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், வீட்டின் குறையொன்றைக் கண்டு அதனைத் தீர்க்கும் கருவியை நம் கையாலேயே ஆக்குவோம். கற்ற கல்விக்கு அதுவே பயன்.